சும்மா பார்த்தல்: ஒரு மறுப்பு

சென்ற இதழில் ‘சும்மா பார்த்தல்’ என்ற கட்டுரையை எழுதிய நண்பர், தமிழ்ப் புதுக்கவிதை இப்போதுதான் ஒரு நிதானத்துக்கு வந்திருக்கிறது என்கிறார். கோஷம் ஓய்ந்தது, சுயபுலம்பலும் ஓய்ந்தது, இனி மிஞ்சியிருப்பது பார்வை மட்டுமே. கவிஞன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே இருப்பதைச் சும்மா பார்த்தால் போதும், நிச்சலனம் தானாக வந்து கூடும், கேள்வி கேட்கிற கணத்தில் அது கலைந்துபோகும் - இதுதான் அவர் வாதத்தின் சாரம். உதாரணமாக மூன்று கவிதைகளை எடுத்துக்கொண்டு விஸ்தாரமாகப் பேசியிருக்கிறார். மூன்றில் ஒன்று என்னுடையது. பாராட்டப்பட்டவன் மறுப்பு எழுதுவது நம் சிறுபத்திரிகை உலகில் வழக்கமில்லை. திட்டு வாங்கியவன்தான் எழுதுவான். ஆனால் இந்தக் கட்டுரையை மறுப்பதற்கு என்னைவிடத் தகுதியானவன் கிடைக்கமாட்டான். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என் மேஜைமேல் மதிப்புரைக்கு வந்த ஒன்பது தொகுதிகள் மூன்று மாதமாகக் கிடக்கின்றன. நான் வங்கி குமாஸ்தா, எண்ணுவது கைப்பழக்கம். ‘மௌனம்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறதென்று எண்ண ஆரம்பித்து நாலாவது தொகுதியில் நிறுத்திவிட்டேன். குருவி, காலி நாற்காலி, பாதி குடித்து ஆறிப்போன தேநீர், பிற்பகல் வெயில், பூனை. ஒரு தொகுதியில் பூனை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். பின்னட்டைப் புகைப்படத்தில் கவிஞரின் மடியில் இருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஐந்து கவிஞர்களுக்குத் துணி காய்கிறது. காற்றில் ஆடுகிறது, ஆடாமல் நிற்கிறது, ஒரு கவிதையில் கொடியிலிருந்து நழுவித் தரையை அடைவதற்குள் பிரபஞ்ச ரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தத் துணியைத் துவைத்தது யார், எந்தத் தண்ணீரில், எத்தனை மணிக்கு எழுந்து என்ற தகவல் ஐவரில் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. கேட்டால், கேள்வி கேட்டால் நிச்சலனம் கலைந்துவிடும் என்பார்கள். அப்படியானால் ஒரு சலவைக் கணக்கைக்கூடத் தாங்கமுடியாத அளவுக்கு நோஞ்சானான அந்த நிச்சலனத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

நண்பர் தன் கட்சிக்கு வேர்ட்ஸ்வொர்த்தைச் சாட்சி கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டிருக்க வேண்டாம். அவரும் நானும் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவர்கள். இந்தப் பட்டம் வாங்கிய எல்லோருக்கும் டாஃபடில்ஸ் கவிதை மனப்பாடம். அந்தப் பூவைத்தான் பெரும்பாலோர் பார்த்ததில்லை. தனியாக அலைந்த ஒருவன் திடீரென்று ஏரிக்கரையில் ஒரு மலர்க்கூட்டத்தைக் காண்கிறான், பின்னால் எப்போதோ சோபாவில் சாய்ந்திருக்கும்போது அது மனத்தில் தோன்றி அவனை நிறைவிக்கிறது - இந்தச் சட்டகத்தில்தான் நம் ஜன்னலோரக் கவிதைகள் எல்லாம் வார்க்கப்படுகின்றன, எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ.

நடந்தது என்ன? 1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை, கூட அவர் தங்கை டோரதி நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய நாட்குறிப்பில் அந்த நாள் அப்படியே இருக்கிறது. காற்று பேய்த்தனமாக அடித்தது. ஒரு படகுக் கொட்டகையில் ஒதுங்கி நின்றார்கள். மூச்சு முட்டியது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள். முதலில் சில பூக்கள்தான் கண்ணில் பட்டன, போகப்போகத்தான் கூட்டம். சில பூக்கள் களைத்துப்போய்ப் பாறைமேல் தலைசாய்த்திருந்ததாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய் ஒரு விடுதிக்கு வந்துசேர்ந்தார்கள். விடுதிக்காரி முகம் கடுகடுவென்று இருந்தது, சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும். அண்ணன் கவிதையை எழுதியது இரண்டு வருஷம் கழித்து 1804இல். அச்சில் வந்தது 1807. அதற்குள் தங்கை காணாமல் போய்விட்டாள். சூறைக்காற்று தென்றலாகிவிட்டது. விடுதிக்காரிக்கு இடமே இல்லை. இதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. மனக்கண்ணையும் தனிமையின் பேரின்பத்தையும் பற்றி அந்தக் கவிதையில் வருகிற புகழ்பெற்ற இரண்டு வரிகளைப் போட்டுக் கொடுத்தது மனைவி மேரி. இதை வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவைதான் கவிதையின் மிகச் சிறந்த வரிகள் என்றும் சேர்த்து. ஆக, ஒருத்தி கூட நடக்க, ஒருத்தி வரி கொடுக்கச் சம்பாதித்த தனிமை அது!

வேர்ட்ஸ்வொர்த்தைக் கவிழ்ப்பது என் உத்தேசமில்லை. அவர் கவிதை நிற்கும், என் கட்டுரை அடுத்த இதழுக்குள் மறந்துபோகும். நான் சொல்லவருவது இவ்வளவுதான்: பார்வை என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ அது டோரதியிடம் இருந்தது. பூ களைத்திருக்கிறதென்று கண்டவள் அவள். அவள் நிச்சலனத்தைத் தேடிக்கொண்டு புறப்படவில்லை. ஈரச் செருப்போடு வீடு போய்ச்சேருவதுதான் அன்றைக்கு அவளுடைய கவலை. நம் கவிஞர்கள் அண்ணனிடமிருந்து சோபாவை எடுத்துக்கொண்டார்கள், தங்கையிடமிருந்து கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

டின்டர்ன் ஆலயம் பற்றிய கவிதைக்கும் இதே கதைதான். 1798 ஜூலை 13 என்று தேதியைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்ட கவிதை. அந்த வை நதிக்கரையைப் பற்றி வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் எழுதிய பிரயாண நூல் 1782இலேயே வெளிவந்துவிட்டது. பாழடைந்த ஆலயத்துக்குள் பிச்சைக்காரர்கள் குடிசை போட்டுக்கொண்டு கிடந்ததும், பக்கத்திலேயே இரும்பு உலைகள் இரைச்சலோடு நடந்ததும் அதில் இருக்கின்றன. கவிதையில் உலை இல்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து மௌனமாகப் புகை மட்டும் எழுகிறது. யாராவது வீடற்ற நாடோடிகளுடையதாக இருக்கலாம், அல்லது குகையில் தனித்திருக்கும் துறவியுடையதாக இருக்கலாம் என்று கவிஞர் ஊகிக்கிறார். அந்தக் காடுகளில் உலைக்காகக் கரி மூட்டம் போடுவது வழக்கம். புகையைப் பார்த்தவுடன் துறவி ஞாபகம் வருகிற மனம் ஒரு விசேஷமான மனம். 1980களில் அமெரிக்க விமர்சகர்கள் சிலர் இதைக் கிளப்பியபோது பெரிய சண்டையே நடந்தது. கவிதையில் இல்லாததை வைத்துக் கவிதையை விசாரிப்பது என்ன நியாயம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். கல்லூரியில் இதைப் படித்தபோது நானும் எதிர்த்தரப்பில்தான் இருந்தேன். இப்போது இல்லை.

நம்மிடமே இதற்கு மாற்று இருக்கிறது என்பதை நினைவூட்டினால் என்னைப் பண்டிதன் என்பார்கள். பரவாயில்லை. தொல்காப்பியம் இடத்தையும் காலத்தையும் முதற்பொருள் என்றது; புள்ளும் மரமும் உணவும் தொழிலும் கருப்பொருள். இரண்டும் யாருக்காக? உரிப்பொருளுக்காக - ஒருத்திக்கும் ஒருவனுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பதற்காக. சங்க அகப்பாட்டில் நாரையோ நண்டோ வந்தால், அதை யாரோ ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்கிறவளுக்கு ஒரு அவஸ்தை இருக்கிறது. தொழிலும் உணவும்கூடக் கருப்பொருள் பட்டியலில் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். இன்றைய மௌனக் கவிதையில் நாரை இருக்கிறது, அந்தி இருக்கிறது. தொழிலைக் காணோம், சொல்கிறவளையும் காணோம். உரிப்பொருள் இருக்க வேண்டிய இடத்தில் கவிஞர் தம் மனநிம்மதியை உட்காரவைத்திருக்கிறார்.

அடுத்த சாட்சி பாஷோ. ஜென், ஹைக்கூ, குளம், தவளை. தவளையை இந்த ஊரில் எல்லோரும் பிடித்துவிட்டார்கள். 1689இல் வடக்கே அத்தனை தூரம் கால்நடையாகப் போன மனிதர், வழியில் தங்கிய இடத்தில் தெள்ளும் பேனும் கடித்ததையும் தலைமாட்டில் குதிரை மூத்திரம் பெய்ததையும் கவிதையாக்கியிருக்கிறார் என்பதை நம் ஜென் ரசிகர்கள் பேசிக் கேட்டதில்லை. அதைக்கூட விடுங்கள். 1684இல் அவர் செய்த இன்னொரு பிரயாணத்தின் குறிப்பில் ஒரு இடம் வருகிறது. ஃபுஜி நதிக்கரை. இரண்டு மூன்று வயசிருக்கும் குழந்தை ஒன்றை யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அழுதுகொண்டிருக்கிறது. பாஷோ தன்னிடமிருந்த சாப்பாட்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு மேலே நடக்கிறார். உன் விதிக்காக அழு என்கிற மாதிரி ஒரு சமாதானத்தையும் எழுதிவைக்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்குப் புஸ்தகத்தை மூடவேண்டியிருந்தது. நடந்தது அப்படியேவா, இலக்கியத்துக்காகச் சேர்த்ததா என்று அறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் அதை மறைக்கவில்லை. குழந்தையின் அழுகையை எடுத்து நதியின் நிசப்தத்துக்கு ஜோடனையாக வைக்கவில்லை. பார்த்தேன், எறிந்தேன், போய்விட்டேன் என்று தன்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்திருக்கிறார். சும்மா பார்த்தலுக்கு இவரைச் சாட்சி கூப்பிடுவது எப்படி?

தமிழில் கேட்டால் அசோகமித்திரன் பெயரைச் சொல்வார்கள் - அமைதியான நடை, சும்மா பார்க்கிற கண். ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்கு இருந்த வேலைகளில் ஒன்று பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது, அவரே எழுதியிருக்கிறார். 1973இல் புஸ்தகமாக வந்த ‘தண்ணீர்’ நாவலைத் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும். குடம், பம்பு, தோண்டிப்போட்ட தெரு, யாருக்கு முன்னால் யார் நிற்பது என்கிற கணக்கு. குரல் உயரவே இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பவர் நிம்மதியாக இருக்கிறார் என்று எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, என் கவிதைக்கு வருகிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு ஊரில் என் கிளை. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் பலர் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014இலிருந்து இதற்கு மின்னணு வழி வந்துவிட்டது: கைரேகையை இயந்திரத்தில் வைத்தால் சான்று போய்ச் சேரும். 2022 நவம்பரில் ஒரு நாள், கூட்டம் சொல்லிமாளாது. நான் பணக் கவுண்டரில் இருந்தேன். எதிரே சுவரோரமாக மரப்பெஞ்சில் ஒரு ஆச்சி. எழுபதுக்கு மேல் இருக்கும். சுற்றிலும் இரைச்சல், நோட்டு எண்ணும் இயந்திரத்தின் படபடப்பு, டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல், மானேஜர் அறை வாசலில் சண்டை. ஆச்சி அசையவில்லை. இரண்டு கைகளும் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் கொஞ்சம் விரிந்து. எதையோ வாங்கிக்கொள்ள என்றும் சொல்ல முடியாது, கொடுக்க என்றும் சொல்ல முடியாது. நோட்டை எண்ணிக்கொண்டே நான் அவ்வப்போது பார்த்தேன். மனசு அடங்கிப்போயிற்று. இது பொய்யில்லை, உண்மையாகவே அடங்கிற்று. அன்றிரவே கவிதை எழுதினேன். பதினொரு வரி. விரிந்த உள்ளங்கைகளில்தான் கவிதை முடிகிறது. 2023 ஜனவரியில் அச்சாயிற்று. நண்பர் தம் கட்டுரையில் அந்தக் கைகளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ‘யாசகமும் தானமும் அற்ற முத்திரை’ என்கிறார்.

2023 நவம்பரில் என்னை உயிர்ச் சான்று மேஜையில் உட்காரவைத்தார்கள். ஆச்சி வந்தாள். எனக்கு அடையாளம் தெரிந்தது, என் கவிதையல்லவா. விரலை வைக்கச் சொன்னேன். விழவில்லை. வேறு விரல். விழவில்லை. நான் எதுவும் சொல்வதற்குள் அவளாகவே கேட்டாள்:

“கையக் கழுவிட்டு வந்து காய வச்சிக்கிட்டு இருக்கணுமாய்யா? போன வருசமும் அப்படித்தான் சொன்னாவ. கைய விரிச்சு வச்சிக்கிட்டு மூணு மணி வரைக்கும் இருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல.”

பீடி சுற்றுகிற கை. இலையைத் தகரத் துண்டு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஐம்பது வருஷம் இதைச் செய்த விரலில் ரேகை மிஞ்சாது. புருஷன் செத்து, குடும்ப பென்ஷன் வருகிறது. அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். 2022 டிசம்பர், வரவு இல்லை. ஜனவரி இல்லை. பிப்ரவரி இல்லை. மார்ச்சில் யாரோ அழைத்துவந்து காகிதப் படிவம் கொடுத்த பிறகு மொத்தமாக வரவாகியிருக்கிறது. என் கவிதை அச்சான மாதம் அவளுக்குப் பென்ஷன் வரவில்லை. அந்தக் காகிதப் படிவம் அன்றைக்கு என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தது. ஆறடி தூரம். “என்ன ஆச்சி, யாரைப் பார்க்கணும்?” என்று ஒரு வார்த்தை.

கேட்காமல் விட்டதற்கு வேலை மும்முரம் காரணமில்லை. மும்முரத்தில் அவளைப் பார்க்காமலே இருந்திருந்தால் அது எல்லோரும் செய்கிற தப்பு. நான் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேட்டால் எழுந்துவிடுவாள், அந்தக் கைகள் மூடிக்கொள்ளும் என்று எனக்குள் ஒருவன் தடுத்துக்கொண்டிருந்தான் என்பது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. கேள்வி கேட்டால் நிச்சலனம் கலைந்துவிடும் என்கிற நண்பரின் சித்தாந்தத்தை அவர் எழுதுவதற்கு முன்னாலேயே நான் அமல்படுத்தியிருக்கிறேன்.

இதை நண்பரிடம் நேரில் சொன்னேன். சம்பவம் வேறு, கவிதை வேறு. கைகள் எதற்காக விரிந்திருந்தால் என்ன, கவிதைக்குள் அவை அடைந்திருக்கும் அர்த்தம் சுயம்பு என்றார். இந்த வாதத்தை நானே இதே பக்கங்களில் பல தடவை உபயோகித்திருக்கிறேன், அதனால் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கவிதை பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறது. கற்பனை என்று சொல்லிக்கொள்ளவில்லை, அதன் கெளரவமெல்லாம் பார்த்ததில்தான் இருக்கிறது. அப்படியிருக்கப் பார்வை பிசகு என்று தெரிந்தபின் சுயம்பு என்று ஒதுங்குவது, கணக்கில் பணம் குறைந்ததும் எனக்குக் கூட்டத் தெரியாது என்று காஷியர் சொல்வதைப் போன்றது. தவிரவும், உண்மை கவிதையைவிடப் பெரிதாகவே இருந்தது. உயிரோடிருப்பதை நிரூபிக்க ஒருத்தி கையைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். என் பதினொரு வரியில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது எது? இதை எழுதியிருக்கலாமே என்பார்கள். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முயன்று பார்த்த இரண்டு பிரதிகளிலும் நான்தான் கதாநாயகனாக இருக்கிறேன், வருத்தப்படுகிற கதாநாயகன். கிழித்துப் போட்டேன்.

நிச்சலனம் என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடிக்கும். செல்லான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாத கையெழுத்து, அடித்து எழுதிய இலக்கம், நோட்டுக் கட்டில் ஒட்டிப்போன இன்னொரு நோட்டு. ஒரு மணி நேரம் போனதே தெரியாது. மின்விசிறிச் சத்தம் காதில் விழாது, வீடு ஞாபகம் வராது, நானும் இருக்கமாட்டேன். அந்த நேரத்தில் என்னை யாராவது பார்த்தால் என்னைப் பற்றியும் பதினொரு வரி எழுதக்கூடும். ஆனால் நான் அமைதியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, பத்து ரூபாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒருவருடைய பத்து ரூபாய். கிடைத்ததும் எழுந்து போய் முகம் கழுவுவேன். எனக்குத் தெரிந்த நிச்சலனம் இந்த ரகம்தான், இதற்கு ஜன்னல் தேவைப்பட்டதில்லை. சும்மா இருத்தலைப் பற்றிப் பாடிய நம் பெரியவர்களைத் துணைக்கு இழுப்பவர்கள், அவர்கள் அந்த இடத்துக்கு வந்துசேர என்ன பாடுபட்டார்கள், தங்களையே எப்படி ஏசிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும். பிற்பகல் தூக்கம் கலைந்த மந்தத்தில் கிடைத்ததில்லை அது.

ஆச்சிக்கு அன்றைக்குப் படிவம் பூர்த்தி செய்து, அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு மணி ஃப்ரீ பஸ் போயிருக்குமா என்று கேட்டாள். போயிருக்காது என்றேன், எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன்.

அந்தக் கவிதையை நான் கொண்டுவர இருக்கும் தொகுதியில் சேர்க்கப்போவதில்லை. யாராவது தொகைநூலுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன். நண்பர் மட்டும் இன்னமும் டீக்கடையில் அதன் கடைசி மூன்று வரிகளை எல்லோருக்கும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கேட்டாயிற்று. நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்.